கல்லாற்றிலேயே இறங்கிவிட்ட கைடு

இந்த மாதம் முதல் நம் பத்திரிகையில் ஊர் சுற்றும் பக்கத்தை எழுதப்போகிறவர் தாணுமாலயன். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து இந்த 2002-இல் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும் என்றார் ஆசிரியர் சாம்பசிவன். முடியவில்லை சார், மன்னியுங்கள்.

முதலில் கோவளத்தில் ஒரு லாட்ஜில் பெட்டி தூக்கினார். பிறகு வேளியில் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தார். சபரிமலை சீசன் வந்தால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, தமிழ்நாட்டுச் சாமிமார்களுக்கு எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தொண்டை வறளக் கத்தினார். அதற்கப்புறம்தான் ஒரு டிராவல்ஸில் கைடு வேலை. பதினோரு வருஷம். போன வருஷம் அந்த டிராவல்ஸ் மூடிப்போனது. இப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பறையின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஒரு மேப்.

போன மாதம் அவரே ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாரே, பதினோரு வருஷம் மைக்குல பேசியாச்சு. பேசுனது அடுத்த வளைவுலயே காத்துல போச்சு. ஒரு தடவையாவது அச்சுல நிக்கணும்னு ஒரு ஆசை."

சாம்பசிவன் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். "சரி ஓய். பொன்முடி மலையப் பத்தி எழுதிண்டு வாரும். நன்னாயிருந்தா அந்தப் பக்கம் உமக்குத்தான். இல்லேன்னா வழக்கம்போல உற்சவப் பட்டியலப் போட்டுடறேன்."

அச்சுக்குப் போவது திங்கட்கிழமை. சனிக்கிழமையே நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மேகம் காலைத் தொடுகிறது, புல்வெளி பச்சைக் கம்பளம் விரிக்கிறது, எல்லாம் இருந்தது. புரூஃப் பார்க்கும் சீதாலக்ஷ்மி மாமி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நன்னாத்தான் இருக்கு தாணு. ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த வாரம் எங்காத்துல எல்லாரும் போறோம். மேல பொம்மனாட்டிகளுக்கு பாத்ரூம் இருக்கோ?"

"இருக்கும் மாமி."

"இருக்குமா, இருக்கா?"

தாணுமாலயன் மேப்பைப் பார்ப்பதுபோல் சுவரைப் பார்த்தார். சுவரில் காலண்டர்தான் இருந்தது.

"நான் மேல போனதில்ல மாமி."

எனக்கு டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பொன்முடிக்கு ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் கல்லாறு என்று ஒரு ஊர். மலை மேலே நாற்பது பேருக்குச் சாப்பாடு கிடைக்காது. கல்லாற்றுக் கடையில் முன்கூட்டியே தலையை எண்ணிச் சொன்னால்தான் அரிசி உலையில் ஏறும். செல்போன் இல்லாத காலம். அதனால் வழியில் விதுரை என்ற ஊரிலிருந்தே மைக்கில் பொன்முடியை வர்ணித்துக்கொண்டே வந்து, கல்லாற்றில் கைடு இறங்கிவிடுவார். பஸ் மட்டும் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்த் திரும்பும். அதற்குள் இலை போட்டுத் தயாராக இருக்க வேண்டும். வர்ணனை எல்லாம் முந்தைய கைடு சொல்லிக்கொடுத்தது, மிச்சம் இறங்கி வந்தவர்கள் சாப்பிடும்போது பேசியது.

"என்ன ஓய், பதினோரு வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கீர்!" என்றார் சாம்பசிவன்.

"ஏமாத்தல்ல சாரே. நானும் மேல போயிட்டா சோறு ஆரு சொல்லுவா?"

சாம்பசிவன் சிரிக்கவில்லை. நாலு பக்கத்தையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கிழம காலம்பற ஒம்பது மணி. பாத்துட்டு வந்து எழுதும். இல்லேன்னா உற்சவப் பட்டியல்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நெடுமங்காடு போய், அங்கிருந்து பொன்முடி பஸ் பிடித்திருக்கிறார். ஜன்னல் ஓர சீட். மடியில் நோட்டு. கல்லாற்றில் பஸ் நின்றது. நின்றதும் இறங்கிவிட்டார்! கடையைப் பார்த்து நடந்தும்விட்டார். கடைக்காரர் தங்கையனுக்கு ஆளைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம்.

"எண்ணே! எவ்வளவு நாளாச்சு! எத்தன ஊணு?"

"முப்பத்தெட்டு. அதுல நாலு சைவம்."

பின்னால் பஸ் உறுமிக்கொண்டு முதல் வளைவில் திரும்பியது.

தங்கையன் ரோட்டை எட்டிப் பார்த்தார். "முப்பத்தெட்டு பேரும் எங்கண்ணே?"

"அய்யோ, எனக்க பஸ்ஸு!"

அடுத்த பஸ் வர இரண்டரை மணி நேரம். தங்கையன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பால் விடாத ஒரு கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாராம். "இரிக்கணும் அண்ணே. ஒங்க எடம்தான."

இருந்தார். பஸ் திரும்பி வரும்வரை எப்போதும் உட்கார்ந்திருக்கும், ஆற்றுப் பக்கம் பார்த்த அதே பெஞ்சு. முதலில் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது, அப்புறம் ஒரு வேன். அவர் நோட்டைத் திறந்தார். இறங்கி வருகிறவர்களுக்குத் தலைமுடி மட்டும் நனைந்திருக்கும், சட்டை நனைந்திருக்காது. குழந்தைகள் இறங்கியதும் எலுமிச்சம்பழம் கேட்கும். ஏறும்போது சண்டை போட்டுக்கொண்டு போன புருஷன் பெண்டாட்டி, இறங்கும்போது ஒரே துண்டால் தலை துவட்டிக்கொள்வார்கள். பதினோரு வருஷம் பார்த்ததையெல்லாம் எழுதினார். அதில் கம்பளமும் இல்லை, மேகமும் இல்லை.

அடுத்த பஸ் வந்தது. தங்கையன் கூடவே வந்து, அவரை உள்ளே தள்ளி உட்காரவைத்து, கண்டக்டரிடம் சொன்னார்: "சேட்டா, இந்த ஆள எங்கயும் எறக்கி விடாதீங்க."

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு ஆபீஸுக்கு வந்தார். சவரம் செய்யவில்லை, அதே சட்டை. சாம்பசிவன் நின்றுகொண்டே படித்தார்.

"கல்லாறு நன்னா இருக்கு. பொன்முடி எங்க ஓய்?"

"போனேன் சாரே. ஒரே பனி. எனக்க கையே எனக்குத் தெரியல்ல. பத்து நிமிசம் நின்னேன், கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரு."

"அவ்வளவுதானா?"

"கடைசி வரியையும் பாருங்க."

சாம்பசிவன் தாளைத் திருப்பினார். பிறகு சீதாலக்ஷ்மி மாமியிடம் நீட்டினார். மாமி அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "பெண்களுக்கு பாத்ரூம் இருக்கிறது. சாவி டீக்கடை அம்மாளிடம். தண்ணீர் மட்டும் நாமே பிடித்துக்கொண்டு போக வேண்டும்."

"இது போதும்டா எனக்கு," என்றார் மாமி.

சாம்பசிவன் மேசை மேலிருந்த உற்சவப் பட்டியலை எடுத்து டிராயரில் போட்டு மூடினார். தாணுமாலயன் அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.