சண்டைக் கிடங்கின் கோணி ஊசிக்காரி

ஆதிலட்சுமி கோணி ஊசி பிடித்தது விருத்தாசலம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த அரசு நெல் கிடங்கில். பதிவேட்டில் அது இரண்டாம் எண் கிடங்கு. ஊருக்குச் சண்டைக் கிடங்கு. ஜப்பான் யுத்தத்தின்போது அரசாங்கமே நெல்லை வாங்கிப் பங்கிட்டு விற்பதற்காகக் கட்டியது. யுத்தம் முடிந்தும் கொள்முதல் நிற்கவில்லை, பெயரும் போகவில்லை. நான் அங்கே எழுத்தராக இருந்தேன். கிழிந்த மூட்டைகளைத் தைப்பது அவள் வேலை. பீங்கான் சூளைப் புகையில் நெஞ்சு கெட்டுக் கணவர் வீட்டோடு இருந்ததால், அந்த வேலையில்தான் குடும்பம் ஓடியது.

2004 மார்ச்சில் கிடங்கை மூட உத்தரவு வந்தது. மீதி நெல் பெண்ணாடம் கிடங்குக்குப் போகும். தையலுக்கு அங்கே ஒரே ஓர் இடம், அவளுக்குத்தான் என்றிருந்தோம்.

கடைசி லாரி ஏற்றும் நாளில் புதிய அதிகாரி ஆதிநாராயணன் வந்தார். வரும்போதே முகம் சரியில்லை.

“ஆட்டோக்காரன், டீக்கடைக்காரன், எல்லாரும் சண்டைக் கிடங்கான்னுதான் கேக்கறான். சண்டை போடற ஆளுங்களை அங்க அனுப்ப முடியாதும்மா. வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

ஊசி நின்றது. எதிர்த்துப் பேசினால் அவர் சொன்னது நிஜமாகிவிடும். பேசாவிட்டால் இடம் போய்விடும். தலை நிமிராமல் மறுபடி தைத்தாள்.

“சார், அது வந்து...” என்றார் மேஸ்திரி சாமிக்கண்ணு.

“நீ இருய்யா. யாருக்கும்மா சண்டை? உனக்கும் இவருக்குமா?”

“இல்லீங்க. வெள்ளக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்குங்க.”

லாரி மேலிருந்த ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிவந்துபோனார்.

“கிண்டல் பண்றியா?”

“ஐயோ, இல்லீங்க! அந்தச் சண்டைக்குக் கட்டுனதுங்க இது. அவங்க ரெண்டு பேரையும் நான் பாத்ததுகூட இல்லீங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார்.

“உண்மைதாங்க. யுத்த காலத்துக் கிடங்கு.”

“யுத்தம்னு சொல்லித் தொலைக்கறதுதானே! அறுபது வருஷமாவா இதையே சொல்லுவீங்க?”

“நேத்து வரைக்கும் நெல்லு வந்துகிட்டுதானுங்களே இருந்துச்சு” என்றாள் அவள், மெதுவாக.

லாரி ஹாரன் அடித்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, ஏறு. அங்க போயி இந்தப் பேரை எடுக்கக் கூடாது.”

கடைசி மூட்டையின் வாய் பாதி திறந்தே கிடந்தது. அவள் அப்படியே விட்டுவிட்டுச் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறிவிட்டாள்.

“தைச்சுட்டு ஏறும்மா!” என்று கத்தினார் சாமிக்கண்ணு.

“அதுக்குள்ள அவரு மனசு மாறிட்டா? தூக்கிக் குடுங்கண்ணே, வழியில தைச்சுக்கறேன்.”

நெல் தலையில் கொட்ட, அவர் வைதுகொண்டே தூக்கிக் கொடுத்தார்.