கலியமூர்த்தி வார்த்த ஈயக் குண்டுகள்

சென்ற வியாழக்கிழமை காலை மன்னார்குடியிலிருந்து தொலைபேசி வந்தது. அச்சகம் கலியமூர்த்தியின் மகள் பேசினாள். "மாமா, அப்பா தவறிட்டாங்க. காப்பி குடிச்சிட்டு நாற்காலில உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். நான் இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சாவுகூட இந்த மனிதருக்கு இவ்வளவு சுத்தமாக வாய்த்துவிட்டதே என்றுதான் தோன்றியது. துக்கம் வடுவூர் தாண்டிய பிறகே வந்தது.

மன்னார்குடிக்காரர்களான உங்களில் பெரும்பாலோருக்கு அவர் அச்சகக்காரர். கல்யாணப் பத்திரிகையில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் மொத்தத்தையும் தன் செலவில் திரும்ப அடித்துக் கொடுப்பவர். எனக்கு அவர் பழக்கமானது வேறு காரியத்தில். எங்கள் இருவரிடமும் உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி ஆளுக்கொன்று இருந்தது. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகை. எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு மாமனாரிடமிருந்து. அதற்கான ஈயக் குண்டுகளை வீட்டிலேயே உருக்கி வார்ப்பது எங்கள் பொழுதுபோக்கு. கோடையில் பாமணி ஆறு வறண்டதும் மணலில் பலகை நட்டுச் சுடுவோம். ஒரு கொக்கைக்கூட நாங்கள் சுட்டதில்லை.

அவர் இதில் இறங்குவதற்கு முன்பு ஊரில் குண்டு வார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒருநாள் அவர் கைக்குட்டையில் ஐந்து குண்டுகளை முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "வாத்தியாரே, புதுசா பண்ணிப் பாத்தேன். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் கணக்கு வாத்தியார். ஆய்வகத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஐந்தும் ஒரே எடை. குண்டு வார்க்கும் அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழும் கோடுகூட அவற்றில் இல்லை. பத்து வருடமாக வார்க்கும் என் குண்டுகளில் இரண்டுகூட ஒன்றுபோல் இருந்ததில்லை. "பரவாயில்ல, பழகப் பழக வரும்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்சி மாறிய தேர்தல் முடிந்த சமயம் அது. மாநாடு, ஊர்வலம், நன்றி அறிவிப்பு என்று நோட்டீசு அடித்து அடித்து அவருடைய அச்செழுத்துகளெல்லாம் தேய்ந்துபோயிருந்தன. அந்த எழுத்துகளை உருக்கித்தான் அவர் குண்டு செய்தார். எழுத்து ஈயம் கொஞ்சம் கெட்டி, பளபளப்பும் அதிகம். இரகசியம் அதுதான் என்று நினைத்து நிம்மதியடைந்தேன். மறுவாரமே அதில் அரைச் சாக்கைச் சைக்கிளில் கட்டி என் வீட்டில் இறக்கினார். அதே ஈயத்தில் வார்த்தும் என் குண்டுகள் என் குண்டுகளாகவே இருந்தன. கேட்டதற்கு எல்லாவற்றையும் சொன்னார். "ஊத்தும்போது நடுவுல கை தயங்கக் கூடாது வாத்தியாரே. தயங்கினா அது குண்டுல தெரியும்." எதையாவது மறைத்திருந்தால் அவரை மன்னித்திருப்பேன்.

அந்தக் கோடையில் ஆற்று மணலில் அவர் சுட்ட ஐந்து குண்டும் ஒரு உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்தில் பலகையைத் துளைத்திருந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவரிடம் குண்டு கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அறுவடைக்கு முன் கூலித் தகராறு முற்றியது. கிழக்கே ஒரு கிராமத்தில் பெரிய மிராசுதார் ஒருவர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப்போவதாகச் சொன்னார். உள்ளூர் ஆட்கள் சங்கமாகச் சேர்ந்து, வயலை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்த மிராசுதாரின் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அறுபது குண்டு வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும், காட்டுப்பன்றித் தொல்லை என்றார். நெல் வயலில் காட்டுப்பன்றி ஏது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார். "அச்சகத்துக்காரரோடத விட ஒங்க குண்டுதான் தேவலாம்னு கேள்விப்பட்டேன்." ஒன்றரை வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சரி என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பகலுக்குள் அறுபதையும் வார்த்து முடித்தேன். அன்றைக்குப் பார்த்து என் கை தயங்கவில்லை. கடைசிக் குண்டு ஆறுவதற்குள் கலியமூர்த்தி சைக்கிளில் வந்து இறங்கினார். நேராகக் கொல்லைக்கு வந்து, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு வாத்தியாரே" என்றார். பிறகு, "இத எங்க விடப்போறாங்கன்னு தெரியும்ல?" என்றார்.

காட்டுப்பன்றி மேல் என்றேன்.

"திங்கக்கிழமை வயல்ல பொம்பளைங்கதான் முன்னால நிக்கப்போறாங்களாம்."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. "ஒங்கள விட்டுட்டு என்கிட்ட கேட்டாங்கன்னு ஒங்களுக்குப் பொறுக்கல" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட வியாழக்கிழமையே வந்தாங்க. முடியாதுன்னுட்டேன்" என்றார். எடுத்த குண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அறுபதையும் திரும்ப அடுப்பில் போட்டு உருக்கினேன். உருக்கிவிட்டதைக் கலியமூர்த்திக்குச் சொல்லியனுப்பினேன். கார் வந்தபோது, அச்சு உடைந்துவிட்டது, முடியாது என்றேன். நியாயத்துக்காகச் செய்தேன் என்று இத்தனை காலம் ஊர் நினைத்தது. உண்மை அதுவல்ல. கலியமூர்த்தி வேண்டாம் என்று தள்ளிய வேலையை எடுத்துச் செய்திருக்கிறேன் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்கள் எனக்கு நினைவுக்கு வந்தது ஈயம் உருகி முடிந்த பிறகுதான்.

திங்கட்கிழமை மிராசுதாரின் ஆட்கள் வயலில் சுட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது கொக்கு சுடும் பொடி ரவை மட்டும்தான். அஞ்சலை என்ற பெண்ணின் மேல் கையில் ஏழெட்டு ரவை ஏறியது. பிழைத்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்த பிறகு சங்கத்து ஆட்களோடு அவள் என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். "குண்டா இருந்திருந்தா என் புள்ளைங்க அனாதையா நின்னிருக்கும் சார். நீங்க உருக்கிப் போட்டுட்டீங்கன்னு அச்சகத்துக்காரரு சொன்னாரு" என்று கும்பிட்டாள். கலியமூர்த்தி தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நானும் சொல்லவில்லை. கும்பிட்டவளுக்குத் திருப்பிக் கும்பிடு போட்டு அனுப்பினேன்.

நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்து வாத்தியார், என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரை முடிந்தது. மிராசுதாரும் அவருடைய சொந்தக்காரர்களும் அந்த அச்சகத்தில் எதுவும் அடிப்பதை நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பயந்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலர்கூட அந்த வருடம் கல்யாணப் பத்திரிகையைக் கும்பகோணத்தில் அடித்தீர்கள். ஒரு வேலையாளை வைத்துக்கொள்ள முடியாமல் அவரே எழுத்துக் கோத்து, அவரே இயந்திரத்தை மிதித்து, அவரே கட்டுக் கட்டினார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். பிறகு அவர் குண்டு வார்க்கவில்லை. ஊரில் நான் மறுபடி ஒருவனே ஆனேன். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நாலைந்து வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு எனக்கும் அடுப்பு மூட்டப் பிடிக்காமல் போயிற்று.

முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் வாரம் ஒருமுறையாவது சந்தித்துக்கொண்டோம். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அது வாத்தியார் பண்ணுன காரியம்" என்று என்னைக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும். இவ்வளவு பெரிய பெயரை ஒரு மனிதனால் இப்படி எடுத்துக் கொடுக்க முடிகிறதே என்று.

சென்ற வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்து வந்த பிறகு அவருடைய மகளைத் தனியே கூப்பிட்டேன். அன்றைக்கு முதலில் முடியாது என்று சொன்னது உன் அப்பாதான், நான் வார்த்துக் கொடுத்தேயிருப்பேன் என்று சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியும் மாமா" என்றாள். "அப்பா எப்பவோ சொல்லிட்டாங்க. ஆனா நீங்களா சொல்ற வரைக்கும் நாம கேக்கக் கூடாதுன்னாங்க."

திரும்பி வரும் பேருந்தில் சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. அவர் மேல் இருந்த பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. என் ஆயுளில் நான் அவரைப் போல் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் வேறு யாரும் இல்லை. அந்த ஆசையை அவரிடம் ஒருநாளும் சொல்லாமல், பொறாமை என்ற பெயரிலேயே வைத்திருந்தேன். இனியும் அதை வைத்திருப்பேன்.