கீழ்வீட்டு மேசையில் ஒரு டிவிஷன்

ஜெர்மன் பேசும் துன் நகரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் படிக்கட்டில் எப்போதும் சப்பாத்துப் பொலிஷ் மணக்கும். கீழ்வீட்டுக் கிழவர் எங்கும் போகாத நாள்களிலும் கதவருகே உட்கார்ந்து தம் பழைய சப்பாத்துகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி ஓட்டல் வேலைக்கு வந்தவர். அதற்கு முன் ஒரு காலாட்படை டிவிஷனில் சிப்பாய்.

எண்பதுகளின் பிற்பகுதியில் அகதியாக வந்து எங்களோடு தங்கிய சித்தப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. பின்னேரங்களில், பள்ளியால் வந்த என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு அவர் கீழே இறங்குவார். மேசையில் வரைபடம், அதன்மேல் அந்த டிவிஷனின் ரெஜிமென்டுகளாகத் தீக்குச்சிகள், ஆறு வந்தால் பாலமாக ஒரு பேனாக்கத்தி: இன்று பொறியியல் வரைபடங்களோடு வேலை செய்யும் எனக்கு அந்த மேசை அளவு பிசகாமல் நினைவிருக்கிறது. கிழக்கே போகப் போகக் கிழவர் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். ரஷ்யப் பனியில் டிவிஷன் அழிந்தது. பிறகு புதுப் பையன்களைச் சேர்த்து அதே டிவிஷன் இலக்கத்தில் மறுபடி அமைத்தார்கள். பெட்டியிலிருந்து புதிய குச்சிகளை அடுக்கியபடி, "இலக்கம் சாவதில்லை" என்பார். சித்தப்பா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேலே வந்ததும் அம்மாவிடம், "மச்சாள், நடந்தே ரஷ்யாவுக்குப் போயிருக்கிறாங்கள்!" என்பார்.

"நீர் இஞ்சை மூண்டு மாடி ஏறவே இளைக்கிறீர்," என்பாள் அம்மா. ஆனால் சிரிக்கமாட்டாள். சித்தப்பா ஊருக்குத் திரும்பிப் போய்த் துவக்குத் தூக்கும் யோசனையில் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட இறங்கிய அம்மா மேசையருகே நின்றுவிட்டாள். பனிக்காலத்தில் கிராமத்து வீடுகளுக்குள் அடுப்போரம் படுத்துத் தப்பியதைக் கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப அந்த வீட்டாக்கள் எங்கை படுத்தவை? கேள், பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை இராணுவம் முகாமுக்கு எடுத்தபோது, என்னைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்தில் கிடந்தவள் அவள்.

கேட்டேன். கிழவர் பேனாக்கத்தியை எடுத்து மடக்கினார். பிறகு, "வெளியில்" என்றார். "பனியில்."

இந்த நாட்டில் நாங்கள் முதலில் கற்ற ஜெர்மன் சொல் பனிதான். நான் மொழிபெயர்க்காமலே அம்மாவுக்கு விளங்கியது.

"அது அவங்கடை சண்டை, மச்சாள். எங்கடை வேறை," என்றார் சித்தப்பா, படியேறும்போது.

அடுத்த பனி விழுமுன் சித்தப்பா ஊருக்குப் புறப்பட்டார். வாசலில் அம்மா அழவில்லை. "தம்பி, எங்கை படுத்தாலும் வீட்டாக்களை எழுப்பி வெளியிலை விடாதையும்."

"காட்டுக்கை ஆர் மச்சாள் வீடு வைச்சிருக்கினம்?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். கீழே சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்த கிழவர் நிமிரவில்லை.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கிழவரும் போய்விட்டார், வரைபடம் என்ன ஆனதோ தெரியாது. சித்தப்பாவைப் பற்றிக் கடைசியாகக் கிடைத்தது ஓர் உறவினர் தொலைபேசியில் சொன்ன செய்திதான்: வன்னியில் ஒரு வீட்டில் அவரும் இயக்க ஆட்களும் தங்கியிருந்தார்களாம், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லையாம். றிசீவர் அம்மாவின் கையில் இருந்தது.

"அந்த வீட்டாக்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபக்கத்தில் அது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.