குடைக்குள் வந்த தவளை

அத்தையின் குடையை விரித்தது நான்தான். ஆனி மாதத்துத் தூத்துக்குடியில் மழைக்குக் குடை கொண்டுவரும் ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி வைத்திருந்ததால் அதில் மலையின் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. வீட்டின் பின்புறம் கொண்டுபோய் விரித்தேன். மடிப்புக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தொப்பென்று விழுந்து, தாவி, சுவரில் ஒட்டிக்கொண்டது.

என் அலறலைக் கேட்டு அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அத்தை மெதுவாகத்தான் வந்தாள். சுவரைப் பார்த்தாள். வந்து இறங்கியதிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு தெரிந்தது.

“ஏளா, நீயுமா எங்கூட வந்துட்ட?” என்று தவளையிடம் கேட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. தேனிக்கு மேலே, மேகமலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடமாகியிருந்தது. முன்னால் வந்தபோதெல்லாம் மாமாவோடு வந்தாள். இந்த முறை ஒரு பையும் குடையுமாகத் தனியாக வந்திருந்தாள். அத்தைக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். மளிகைக்கடை அண்ணாச்சி விசாரித்தபோது, “சும்மா நாலு நாள் இருந்துட்டுப் போக வந்திருக்கா” என்றார் அப்பா. நான் அத்தையிடமே கேட்டேன். “ஒன்னப் பாக்கத்தான் வந்தேன்” என்றாள். நான்காம் வகுப்புப் படிக்கும் என்னைப் பார்க்க ஒருவர் பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் வருவாரா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெருமையாக இருந்தது.

தவளை என்னை இன்னும் குழப்பியது. தீப்பெட்டி நீளம்தான் இருக்கும். விரல் நுனிகளில் வட்டம் வட்டமாகப் பட்டைகள். கண்மணியைச் சுற்றி நட்சத்திரம்போல மெல்லிய கோடுகள். முதல் நாள் சுவரில் அது கரும்பழுப்பாக இருந்தது. மறுநாள் காலையில் பச்சை வாளியின் விளிம்பில் வெளிர்பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு தவளைகள் என்று முடிவுகட்டி, பழுப்பு நிறத் தவளையைத் தேடி வீட்டையே கவிழ்த்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதான். இருக்கிற எடத்துக்கு ஏத்தாப்ல நெறத்த மாத்திக்கிடும்” என்றாள் அத்தை. “மரத்தவளைளா இது. ஓடைக்கரைப் பாறையிலயும் மரத்துலயும் கெடக்கும்.”

நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள், அதற்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு கிண்ணத்தில் போர்வெல் தண்ணீரை நிரப்பி அதற்குள் விட்டேன். எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவத்தான் ஆகும். தவளை துள்ளி வெளியே விழுந்தது. அதன்பிறகு அசையவில்லை. தோல் மங்கி, வயிறு மட்டும் வேகமாகத் துடித்தது. நான் அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினேன்.

அவள் குடிதண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மோந்து, தவளைமேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீர் அது. அம்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

“இது வாயால குடிக்காதுளா. தோலாலதான் குடிக்கும்” என்றாள் அத்தை. “உப்ப அதால தாங்க முடியாது.”

“அப்ப இது இங்க செத்துப்போவுமா?”

“இங்கன ரொம்ப நாள் இருக்க முடியாது” என்றாள்.

வாசலில் செல்போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த அப்பா உள்ளே வந்தார். அந்த மூன்று நாளும் வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து வந்தவுடன் அவருக்கு அதே பேச்சுதான். எதிர்முனையில் மாமா என்பது எனக்குத் தெரியும். அப்பா தவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: “அத்தைட்ட கேளு. எல்லாரும் போயி அத ஓடையில விட்டுட்டு வருவோம்னு கேளு. நான் கேட்டா வரமாட்டா. நீ கேட்டா வருவா.”

நான் கேட்டேன். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதே கேட்டேன். அத்தை என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். “சரி, போவோம்” என்றாள் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே அப்பாவும் அத்தையும் நானும் கிளம்பினோம். ஈரத்துணி போட்ட டப்பாவில் தவளை என் மடியில் இருந்தது. மாமாவுக்கு அப்பா எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் வாங்கியிருந்தார். அத்தையின் துணிகளையெல்லாம் அவளுடைய பையில் வைத்து அவரே தூக்கிக்கொண்டார். ஒருநாள் பயணத்துக்கு அத்தனை துணி எதற்கு என்று கேட்டேன். “அங்கன குளிரும்லா” என்றார்.

மலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடை பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடியது. டப்பாவைத் திறந்து ஒரு பாறையோரம் வைத்தேன். தவளை அவசரப்படாமல் ஏறி வந்து பாறையில் உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. பிறகு எது தவளை, எது பாறை என்று எனக்குத் தெரியவில்லை. அது போய்விட்டதா, அங்கேயே இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

மாமா வீட்டு வாசலில் ஸ்வெட்டரோடு நின்றார். மக்ரூனை வாங்கிக்கொண்டார். என்ன வகுப்பு என்று கேட்டு என் தலையைத் தடவினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அத்தை நேராக உள்ளே போனாள். அப்பா பெருமூச்சுவிட்டு, பையைத் திண்ணையில் இறக்கி வைத்தார்.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தை வெளியே வந்தாள். பழுப்பு நிறக் காகிதக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். மாமாவின் முகம் மாறியது.

“பீரோவத் தொறந்தியா? யாரக் கேட்டுச் சாவிய எடுத்த?”

“அது என்னோடது” என்றாள் அத்தை.

“ஏளா, நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு” என்றார் அப்பா.

“தவளைய விட்டாச்சுல்லா, அண்ணே. பஸ்ஸு திரும்புற நேரமாச்சு.”

என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கை நடுங்கியது. குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் மாமா சத்தம் போடுவது கேட்டது. பஸ் கிளம்பும்போதுதான் அப்பா ஓடி வந்து ஏறினார். அத்தையின் பையையும் தூக்கி வந்திருந்தார்.

அந்தக் கோப்புக்குள் இருந்தவை அவள் நர்ஸ் படிப்பு முடித்த சான்றிதழ்கள். வேலைக்குப் போகக் கூடாது என்று இரண்டு வருடமாக மாமா பூட்டி வைத்திருந்தவை. அடுத்த மாதமே தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் அத்தை சேர்ந்தாள். இன்றும் நர்ஸாகத்தான் இருக்கிறாள். அன்று அவளை மலையில் விட்டுவிட்டு வருவதுதான் அப்பாவின் ஏற்பாடு என்பதும், அது தெரிந்தேதான் அவள் வந்தாள் என்பதும் நான் வளர்ந்தபிறகு அம்மா சொன்னவை.

அன்று திரும்பும் பஸ்ஸில் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“நாம தவளைய விடத்தான வந்தோம்? அதுதான் விட்டாச்சே. பெறகு ஏன் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கீக?”

அப்பா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“ஆமா, அதுக்குத்தான் வந்தோம்” என்றார் அப்பா.

“அதுக்குத்தான்” என்றாள் அத்தை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.