கால்வாய்ப் பச்சை

ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. மாடி வீட்டு சாந்தி பெரிய குளிர்பான பாட்டில் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தாள். நுரை பொங்கப் பொங்கச் சாக்கடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது கறுப்புத் திரவம். பக்கத்தில் மூடி திறக்காத பாட்டில்கள் இன்னும் ஏழு.

"கெட்டுப்போச்சா சாந்தி?"

"இல்லக்கா, நேத்துத்தான் வாங்குனது."

"பின்னே ஏன் கொட்டுறே?"

"தீபக் ஸ்கூல்ல 'குப்பையிலிருந்து கலை'ன்னு எக்ஸிபிஷன் வைக்காகல்லக்கா... காலி பாட்டில்ல ராக்கெட் செய்யணுமாம். எட்டு வேணும். நம்ம வீட்டுல ஒண்ணுகூட இல்ல. கடைக்காரன்ட்ட கேட்டா, காலி பாட்டில் கெடையாது, நெறஞ்சதுதான் இருக்குங்கான்!"

சாந்திக்கு சாத்தூர்ப் பக்கம். கணவருக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மகன் தீபக். சிக்கனமான குடும்பம். வீட்டில் குப்பையே சேராது. அதுதான் இப்போது அவர்களுக்குப் பெரிய பிரச்சினை!

பாவமாக இருந்தது. இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன். பூமித்தாய்க்கு என்னால் ஆன உதவி.

அன்று மாலையே அந்தப் பள்ளியிலிருந்து போன். கண்காட்சிக்கு நடுவராக வர வேண்டும் என்றார் கரஸ்பாண்டென்ட். வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிறவள் என்றால் எல்லாம் தெரிந்தவள் என்று ஒரு நம்பிக்கை. மேடை, மாலை, சால்வை என்றால் நமக்கும் கசக்குமா என்ன? ஒப்புக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை போனேன். ஹால் முழுக்கக் குப்பை – எல்லாம் புத்தம்புதுக் குப்பை! பிரிக்காத கட்டிலிருந்து எடுத்த பேப்பர் கப்புகள். பளபளவென்று புது ஸ்ட்ராக்கள். எழுதப்படாத சி.டி.க்களைக் கோத்து ஒரு மயில். ஒரு பூமி உருண்டை மட்டும் தெர்மோகோலில் ஆள் உயரம். அதன் வட துருவத்தில் கடையின் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பள்ளிக்கு எதிர்க் கடையில் 'குப்பைப் பொருள் செட்' என்று கவரில் போட்டே விற்றார்களாம்.

சூரிய அடுப்பு செய்திருந்த பையனிடம், "இது எப்படிப்பா வேலை செய்யும்?" என்று கேட்டேன்.

"வெல்டர் அங்கிளுக்குத்தான் தெரியும் மிஸ். அப்பா கம்பெனில இருந்து கூட்டிட்டு வந்தாரு."

செய்முறைக் கல்வி என்றால் கையால் கற்பது என்று பொருள். யாருடைய கை என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லையே!

ஹாலின் கடைசி மூலையில், கை கழுவும் இடத்தை ஒட்டி, ஒரே ஒரு மேஜை. அதில் பளபளப்பு ஒன்றும் இல்லை. வரிசையாகப் பழைய ஜாம் பாட்டில்கள். உள்ளே மண். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, குழந்தைக் கையெழுத்தில் ஊர் பெயர்: சூளகிரி – சிவப்பு. சிங்காரப்பேட்டை – மஞ்சள். பர்கூர் கிரானைட் பொடி – சாம்பல். எங்க ஏரி – கறுப்பு.

பக்கத்தில் நின்றிருந்தவர் டிராயிங் மாஸ்டர் முனிராஜ். தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை.

"பசங்க ஊருக்குப் போறப்ப, வர்றப்ப ஒரு கைப்பிடி மண்ணு எடுத்தாரச் சொன்னேங்க மேடம். சலிச்சு, அரைச்சு, வேலம்பிசினு கலந்தா கலர் ஆயிடுதுங்க. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். எந்த எடத்து மண்ணோ, அந்த எடத்தைத்தான் வரையணும்."

ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். தக்காளித் தோட்டம், கிணறு, வரப்பு எல்லாம் மண் நிறம். நடுவில் மட்டும் ஒரு கோடு பச்சையாக ஓடியது. இலைப் பச்சை இல்லை. மயில் கழுத்துப் பச்சை. பட்டுப்புடவைக் கடையில் பார்த்தால் உடனே விலை கேட்கத் தோன்றும்.

வரைந்தவள் ஏழாம் வகுப்பு ரூபா. இரட்டை ஜடை, முழங்கையில் இன்னும் சிவப்பு மண்.

"இந்தப் பச்சை எந்தச் செடியிலேர்ந்து எடுத்தேம்மா?"

"செடி இல்ல மிஸ். எங்க தோட்டத்தாண்ட கால்வா போவுதில்ல, அதோட ஓரத்துல காஞ்சு காஞ்சு கெடக்கும். ஸ்பூன்ல சுரண்டிக்கினு வந்தேன்."

பாட்டிலைப் பார்த்தேன். 'கம்பெனி கால்வா – பச்சை' என்று எழுதியிருந்தது.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் பசங்க கையால தொட வுடலீங்க. நான்தான் கலக்கிக் குடுத்தேன். பிரஷ்ஷைக்கூட அப்பறம் தனியா எடுத்து வெச்சுட்டேன்."

மார்க் போடும் தாளில் ரூபாவின் பெயருக்கு நேராக 'முதல் பரிசு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதுவரைக்கும் நான் நல்லவள்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர். கண்காட்சிக்கு மொத்தச் செலவும் ஏற்றுக்கொண்ட தொழிற்சாலையின் வைஸ் பிரசிடென்ட். அவர் காரிலிருந்து இறங்குவதற்குள் கரஸ்பாண்டென்ட் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூலை மேஜைக்கு வந்தார். பாட்டிலைப் படித்தார். முகம் மாறியது.

"மாஸ்டர், அந்தச் சீட்டைக் கிழிச்சிருங்க."

"எதுக்குங்க சார்?"

"எதுக்கா? அவுங்க கம்பெனிதானே இது! சீட்டை மட்டும் கிழிங்க. படம் இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு."

மாஸ்டர் கிழிக்கவில்லை. பாட்டிலைச் சீட்டு தெரியாதபடி திருப்பி வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்த சமரசம்.

வைஸ் பிரசிடென்ட் ரசனை உள்ளவர் என்பதை மறுக்க முடியாது. ராக்கெட்டையும் உருண்டையையும் ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டு, நேரே ரூபாவின் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். "பியூட்டிஃபுல்! என்ன ஒரு கலர்! இதுதான் இயற்கையோட கிஃப்ட். இந்தப் படத்தை நம்ம ரிசப்ஷன்ல மாட்டணும்" என்றார். கரஸ்பாண்டென்ட் ஆமாம் சார், ஆமாம் சார் என்று தலையாட்டினார்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "பாப்பா, இந்தப் பச்சை எங்க கிடைச்சது?"

ரூபா மாஸ்டரைப் பார்த்தாள். கரஸ்பாண்டென்ட்டும் மாஸ்டரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாஸ்டர் ஒரு நொடி தரையைப் பார்த்துவிட்டு, "கேட்டாங்கன்னா சொல்லணும்மா" என்றார்.

"உங்க கம்பெனி பின்னாடி சார்."

அவருக்குப் புரியவில்லை. சந்தோஷமாகவே, "நம்ம கம்பெனி பின்னாடியா? அங்க என்ன செடி இருக்கு?" என்று கேட்டார்.

"செடி எதுவும் இல்ல சார். அங்க தக்காளி போட்டிருந்தோம். இப்ப வர்றதில்ல. பச்சை மட்டும்தான் வருது."

அந்தப் பெண்ணின் குரலில் கோபமோ குற்றச்சாட்டோ இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். வைஸ் பிரசிடென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 'குட், குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். ரிசப்ஷன் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு... எட்டு பாட்டில் ராக்கெட்!

நான் கையெழுத்துப் போட்ட தாள் என்ன ஆயிற்று என்று மேடையிலேயே எழுந்து கேட்டிருக்கலாம். கேட்டேனா? இல்லை. தோளில் சால்வை இருந்தது; மடியில் பழத்தட்டு. கீழே சாந்தி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை, வாசலில் மொபெட் சத்தம். வந்தவர் ரூபாவின் அப்பா நாராயணப்பா. தெலுங்கு வாடையடிக்கும் தமிழ். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அம்மா, அந்த மாஸ்டர வேலைய வுட்டு நிறுத்திட்டாங்களாம். எங்க பாப்பா நேத்திருந்து சோறு துண்றதில்ல. நான்தான் சொல்லிக் கெடுத்துட்டேன்னு அழுவுது. நீங்க அன்னிக்கு மேடை மேல ஒக்காந்துனு இருந்தீங்களே... ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

காபி சாப்பிடுங்கள் என்றேன். வேணாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கரஸ்பாண்டென்ட் அறையில் போய் உட்கார்ந்தேன். "நான் எழுதிக் கொடுத்த முடிவு ஒன்று. நீங்கள் அறிவித்தது வேறு. இதைப் பத்தியில் எழுதப்போகிறேன், பள்ளியின் பெயரோடு" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டிடத்துக்கு அந்தத் தொழிற்சாலையை நம்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"மேடம், மாஸ்டரைத் திரும்ப எடுத்துக்கிறேன். உங்க பத்தியில ஸ்கூல் பேரு வராது. கம்பெனி பேரும் வராது. சரிங்களா?"

என் கணக்கில் இது வெற்றியா தோல்வியா? இன்னும் தெரியவில்லை. ஆனால் சரி என்றேன். இதுவரை படித்துக்கொண்டே, 'இந்த அம்மா ஏன் ஸ்கூல் பேரையும் கம்பெனி பேரையும் சொல்ல மாட்டேங்குது' என்று திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இதுதான் பதில்.

திங்கட்கிழமை முனிராஜ் மாஸ்டர் வேலைக்குத் திரும்பினார். அதே திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளின் டைரியிலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. சாந்தி கொண்டுவந்து காட்டினாள். 'இயற்கை வண்ணங்களை இனி கடையில் மட்டுமே வாங்க வேண்டும்.'

நாராயணப்பா சும்மா இருக்கவில்லை. மகள் வரைந்த படத்தை நியூஸ்பேப்பரில் சுருட்டிக்கொண்டு, குறைதீர்க்கும் நாளன்று பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். முன்பானால் தர்மபுரி வரை போக வேண்டும். தனி மாவட்டம் ஆனதில் அந்த அலைச்சல் மிச்சம். மனுவோடு படத்தையும் விரித்துக் காட்டியிருக்கிறார். கால்வாய்த் தண்ணீரைச் சோதிக்க மாதிரி எடுக்க ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கால்வாயைப் பார்க்கப் போனேன். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். ஒருநாளும் போனதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்றேன். தக்காளிக் குச்சிகள் மட்டும் வரிசையாக நின்றிருந்தன, கொடி இல்லாமல். கால்வாயின் இரண்டு கரையும் வெள்ளைவெளேரென்று இருந்தது. பச்சையைக் காணவே இல்லை.

"வெள்ளிக்கிழம ராத்திரி லாரில வந்து சுண்ணாம்பு கொட்டிட்டாங்க மிஸ்" என்றாள் ரூபா. கூட வந்திருந்த முனிராஜ் மாஸ்டர் குனிந்து பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். கோபம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

எனக்குச் சோர்வாகிவிட்டது. "இனி மாதிரி எடுக்க வந்தால் மட்டும் என்னம்மா கிடைக்கப்போகுது?" என்றேன்.

ரூபா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் என்னவோ வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

"எடுத்தாச்சு மிஸ். அப்பா கிருஷ்ணகிரி போன அன்னிக்கே அந்தப் பச்சைய ரெண்டு பாட்டில்ல மூடி போட்டு வெச்சிட்டேன். தேதி எழுதி, சீட்டும் ஒட்டிட்டேன்."