நீல ரிப்பன் கட்டிய குடம்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய்க்குள் புஸ்ஸென்று ஒரு மூச்சு கேட்கும். குளிர்ந்த இரும்பில் காதை வைத்துக்கொண்டு, மலையடியில் புதிதாகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் மண்ணுக்கடியில் நடந்தே திண்டுக்கல்லுக்கு வந்து எங்கள் தெருமுனையில் மூச்சு வாங்குவதாக நான் நம்பிய வயது அது.

அதுவரை "நல்ல தண்ணி" என்றால் ஊருக்கு வெளியே இருந்த கிணறுதான். தம்பி பிறந்தபின் அம்மாவால் இடுப்பில் குடம் வைக்க முடியாமல் போனதால், அக்கா பாக்கியம் விடியலிலேயே நாலு நடை சுமந்து அண்டாவை நிரப்பிவிட்டு, ஈரப் பாவாடையோடு எட்டாம் வகுப்புக்கு ஓடுவாள். குழாய் வந்த அன்று, இனி அவளுக்கு விடுதலை என்று தெருவே சொன்னது. ஆனால் தண்ணீர் திறந்த நேரமோ, சொல்லி வைத்தாற்போல், பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். கிணற்றுக்கு நடந்த காலத்தில் ஒருநாளும் தவறாத பள்ளி, தெருமுனைக்கே தண்ணீர் வந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் தவறியது. இப்படியே போனால் பெயரை அடித்துவிடுவோம் என்று பள்ளியிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார். "படிச்ச வரைக்கும் போதும்டி, தண்ணி இல்லாம உலை வைக்க முடியுமா?" என்று அதட்டிய அம்மா, அடுப்பைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

குழாயடிச் சண்டையில் எங்கள் தெருவின் முதல் வாய் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அத்தை. மறுநாள் வரிசையில் அவள் அக்காவின் குடத்தைப் பிடுங்கியதும் நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவளோ அக்காவின் சடையிலிருந்த நீல ரிப்பனை உருவிக் குடத்தின் கழுத்தில் கட்டினாள்.

"இது பள்ளிக்கூடக் கொடம். இதத் தள்ளி வைக்கிறவ எவளா இருந்தாலும் என்கிட்டதான் பேசணும். ஏ புள்ள, நீ ஓடு!"

அக்கா ஓடினாள். அன்று முதல் நாங்கள் பள்ளி விட்டு வரும்போது அண்டா ததும்பி நிற்கும். யார் சுமந்தது என்று நான் கேட்டதேயில்லை. தண்ணீர் தானாகவே நடந்து வருகிறது என்று நம்பியவள் அல்லவா நான்!

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். தெருமுனைக் குழாய் இருந்த இடத்தைச் சிமெண்ட் மூடிவிட்டது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அக்காவைப் பார்க்க, போன மாதம் வெள்ளத்தாய் அத்தையின் மகள் பேச்சி வந்திருந்தாள். அக்கா வயதுதான், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். குழாயடியிலிருந்து எங்கள் அண்டாவுக்கு நாலு நடையும் சுமந்தது அவள்தான் என்று பேச்சுவாக்கில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஒனக்குக் கோவமே வரலயா?" என்று வெட்கத்தோடு கேட்டேன்.

"கெணத்துக்கு அம்புட்டுத் தூரம் நடந்ததுக்கு இது தேவலன்னுதான் நெனச்சேன்" என்று சிரித்த பேச்சி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ரிப்பன மட்டும் ஒருநா என் தலையில கட்டிப் பாத்தேன். பெறகு அவுத்துக் கொடத்துலயே கட்டிட்டேன்."