பெட்ரோல் டாங்கி இறக்கிய வெள்ளிக்கிழமை

அந்தப் பின்சந்தில் எத்தனை நெருப்பு எரிகிறது என்று அதுவரை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் எண்ணினேன். பதினொன்று.

எழுபதுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைவீடு ஒன்றின் மாடியில் அக்கா குடியிருந்தாள். அத்தானிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. அதில் மீன்பெட்டி ஏற்றிச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். ஐஸ் உருகி வழிந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுகொண்டிருந்தது. அன்று காலை பெட்ரோல் டாங்கியின் மூலை இற்று, சொட்ட ஆரம்பித்துவிட்டது. இழுத்துப்போக வந்தவர் குனிந்து பார்த்தார், மோந்தார், "இத நான் இழுக்க மாட்டேன்" என்று திரும்பிப் போய்விட்டார்.

நான் அப்போது தீக்காப்புறுதி தரும் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். எரிந்துபோன கடைகள், எரிந்துபோன கிடங்குகள் பற்றிய அறிக்கைகளை நாள் முழுதும் படிப்பதுதான் வேலை. அக்கா கீழ்க்கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரே பெட்ரோல் நாத்தமா இருக்குடா தம்பி, தல சுத்துது" என்றாள். விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன்.

சந்தில் அத்தான் வண்டிக்குக் கீழே ஒரு பீங்கான் தட்டை வைத்துச் சொட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுங்கை ரோடு பழைய சாமான் கடையில் வாங்கிய இன்னொரு டாங்கி, துருவில்லாமல், வெயிலில் கிடந்தது.

"வா மச்சான். ஆபிஸ்ல நெருப்பு போதலன்னு இங்க தேடி வந்தியா?"

"தீயணைப்புக்குச் சொல்லுங்க அத்தான்."

"சொல்லலாம். வந்து தண்ணி அடிச்சிட்டுப் போவாங்க. ஓட்டைய யாரு அடைக்கிறது?"

அவருடைய நண்பர் பாய் வந்திருந்தார். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். எல்லாவற்றையும் முடித்துவிட்டவர் போலப் பேசுவார். ஆனால் அன்று நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தவழும் என்றேன். சந்தின் நடுவில் திறந்த கால்வாய், எங்கள் பேச்சில் லோங்கான், ஓடியது. எல்லாச் சமையற்கட்டும் அதன் ஓரத்தில்தான் இருந்தன.

"லோங்கான்ல எறங்கிடுச்சுன்னா, யார் வீட்டு அடுப்பு எங்க இருக்குன்னு அதுவே கண்டுபுடிச்சிப் போகும் பாய்."

பாய் காதிடுக்கில் செருகியிருந்த சிகரெட்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "மாப்ள சொல்றது சரிதான். நான் இதுமாதிரி எத்தனையோ கழட்டியிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. ஆயிருந்தா சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்லா. போயி எல்லாத்தயும் அணைக்கச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கணும். பல்பு கிட்ட வரக்கூடாது."

அப்போதுதான் எண்ணினேன். கீழ்க்கட்டில் அக்காவின் கரியடுப்பு ஒன்று. எலும்பு சூப்புக் கடையில் மூன்று. சலவைக்காரர் கடையில் கரி இஸ்திரிப்பெட்டி இரண்டு. நகை ஆசாரியின் ஊதுவிளக்கு ஒன்று. சீனர் ஒருவர் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளைக்கு அடியில் விறகு. வெள்ளிக்கிழமை என்பதால் மளிகைக் கடையிலும் புடவைக் கடையிலும் சாம்பிராணிக்குத் தணல் தயாராகிக்கொண்டிருந்தது. சந்து முனையில் அரசமரத்தடி முனீஸ்வரனுக்கு ஒரு விளக்கு.

அக்காவின் அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றினேன். "பாதி வெந்த சோறுடா!" என்று கத்தினாள். அங்கிருந்து சூப்புக் கடைக்குப் போனேன். சாயங்காலக் கூட்டத்துக்காக மூன்று அடுப்பும் சீறிக்கொண்டிருந்தன. சமையல்காரர் கரண்டியை ஓங்கியபடி நின்றார்.

"நீங்க இன்சூரன்ஸ்காரரு. எரிஞ்சாத்தான உங்களுக்கு வேல? எதுக்கு அணைக்கச் சொல்றீங்க?"

"எரிஞ்சா எனக்கு வேல இருக்கும். உங்களுக்குக் கட இருக்காது."

அவர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். கால்வாயருகே குனிந்து மோந்தார். உள்ளே போய் மூன்று அடுப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தார். பிறகு பின்கதவில் நின்று என்னை முறைத்துக்கொண்டே இருந்தார்.

காப்பிக்கொட்டைக்காரரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் "அப்பி, தா போலே" என்றேன், நெருப்பு கூடாது என்று. பாதி வறுபட்ட கொட்டையை நிறுத்தினால் அந்த உருளை முழுவதும் வீண் என்பது எனக்கே தெரியும். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கால்வாயைப் பார்த்தாள். விறகை வெளியே இழுத்து மணலில் புதைத்தார்கள். சலவைக்காரர் மட்டும் நான் வாய்திறக்கும் முன்னே இரண்டு பெட்டியின் கரியையும் தண்ணீரில் முக்கினார். முந்தைய வருஷம் அவர் அண்ணன் கடை எரிந்தது. அந்த அறிக்கையை நான் படித்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியாக அரசமரத்தடி. அங்கே பூசை செய்தவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்றவர். அந்த விளக்கு அணையா விளக்கு. மழைக்காலத்தில் அவர் குடைபிடித்து அதைக் காத்தார் என்று ஊருக்கே தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன். அவரே கேட்டார்.

"எவ்வளவு நேரம் தம்பி?"

"ரெண்டு மணி நேரம்ங்கிறாரு பாய்."

"இத அணைக்க முடியாது."

"தெரியும் ஐயா."

"அணைக்கத்தான் முடியாது. நகத்தலாம்." எண்ணெய் நிரப்பினார். தோள்துண்டால் மறைப்புக் கட்டிக்கொண்டு விளக்கை இரண்டு கையாலும் ஏந்தினார். அப்படியே சிராங்கூன் சாலையைக் கடந்தார். ஒரு பேருந்து நின்றது, பின்னால் வந்த டாக்சியும் நின்றது. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துத் தூண் ஒன்றின் மறைவில் போய் நின்றுகொண்டார். தரையில் வைக்கவில்லை. வேலை முடியும்வரை ஏந்தியபடியே நின்றார்.

அதன் பிறகு அந்தச் சந்தை நான் பார்த்த விதம் வேறு. புகை இல்லை. அடுப்பின் இரைச்சல் இல்லை. அந்த இரைச்சல் எப்போதும் இருந்தது என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது. ஆட்கள் வீட்டுக்குள் இருக்காமல் பின்வாசல்களில் வந்து நின்றார்கள். பசியோடு நின்றார்கள். வாயில் பற்றவைக்காத பீடியோடு ஒருவர். கையில் வெறும் தூபக்காலோடு மளிகைக்கடை முதலாளி. இத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்யாமல் இருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பாய் முதலில் பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். வாயால் உறிஞ்சாமல் கைப்பம்பால் டாங்கியிலிருந்த பெட்ரோலைத் தகரங்களில் இறக்கி, மூடி இறுக்கி, சந்துக்கு வெளியே எடுத்துப்போகச் சொன்னார். தரையில் சொட்டிய இடமெல்லாம் மணல் போட்டோம். பிறகு மல்லாந்து வண்டிக்கடியில் போனார். ஊற்றும் குழாய், காற்றுக் குழாய், என்ஜினுக்குப் போகும் குழாய், அளவுகாட்டும் மின்கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, திறந்த வாயை மரக்கட்டையால் அடைத்தார். டாங்கிக்கு அடியில் ஜாக்கி, ஜாக்கிக்கு மேல் பலகை. டாங்கியைத் தாங்கிய இரும்புப் பட்டைகள் இரண்டு. அவற்றின் நட்டு துருப்பிடித்திருந்தது. அத்தான் சுத்தியலை எடுத்தார்.

"வையிங்க கீழ!" பாயின் சத்தம் வண்டிக்கடியிலிருந்து வந்தது. "ஒரு பொறி போதும். எண்ணெய் விட்டு ஊற வைங்க."

ஊறட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம். சந்து மொத்தமும் ஒரு நட்டுக்காகக் காத்திருந்தது.

நட்டு அசைந்தது. ஜாக்கியை அத்தான் மெதுவாக இறக்க, டாங்கி பாயின் நெஞ்சருகே வந்து உட்கார்ந்தது. உள்ளே கொஞ்சம் பெட்ரோல் அலையும் சத்தம் கேட்டது. நிறைந்த டாங்கியைவிட ஏறக்குறையக் காலியான டாங்கிதான் பயங்கரம். உள்ளே முழுக்க ஆவி. நான்கு பேர் அதைத் தூக்கிச் சந்து முனைக்குக் கொண்டுபோய், மிச்சத்தை வடித்துவிட்டு விளிம்புவரை தண்ணீர் நிரப்பினார்கள். அதன் பிறகே எனக்கு மூச்சு வந்தது.

புது டாங்கியை ஏற்றுவது எளிது என்று நினைத்தேன். ஆனால் பட்டைக்கும் டாங்கிக்கும் நடுவில் ரப்பர் வைக்காவிட்டால் உராய்ந்து ஓட்டை விழும். பாய் பழைய டயர் டியூபை வெட்டி வைத்தார். ஜாக்கியில் ஏற்றி, இரண்டு பட்டையையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினார். குழாய்களைப் பூட்டினார். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றி, செய்தித்தாளைக் கிழித்து ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்தார். ஒரு இணைப்பில் மட்டும் தாள் நனைந்தது. "கொஞ்சம் இருங்க," என்று மீண்டும் முடுக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் தாம்பாளம். தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். தாம்பாள விளிம்போடு பிடித்திருந்த தீப்பெட்டியில் உரச, வலது கையில் தீக்குச்சியையும் எடுத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் வண்டிக்கு டயர் மாற்றினால்கூடச் சூடம் காட்டாமல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு அது அடுப்பு நெருப்போடு சேர்ந்த நெருப்பே அல்ல. சாமிக்குக் காட்டுவது வேறு.

ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தாம்பாளம் சரிந்து எலுமிச்சம்பழங்கள் கால்வாய்க்குள் உருண்டன.

"என்னடா இது? புது டாங்கி போட்டிருக்கு, சூடம் காட்டாம எடுக்கச் சொல்றியா?"

பாய் வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, தாராளமாக் காட்டுங்க. ஆனா அந்தப் பூசாரி ஐயா நிக்கிறாரு பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அங்க போயிக் காட்டுங்க. உங்க சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா."

முதலில் சலவைக்காரர் சிரித்தார். பிறகு எல்லோரும். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். தேங்காயை மட்டும் உடைத்துவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பாய் மறுபடி ஒற்றிய தாள் காய்ந்து வந்தது. எல்லா இணைப்பும் காய்ந்தே வந்தன. சலவைக்காரர் தொட்டிகளில் இருந்த தண்ணீரையெல்லாம் கால்வாயில் திறந்துவிட்டார். ஆனாலும் வண்டியைச் சந்துக்குள் கிளப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. தள்ளுவோம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சூப்புக் கடைக்காரர், ஆசாரி, காப்பிக்கொட்டைக்காரர், பீடிக்காரர் என்று ஆளுக்கொரு பக்கம் கைவைத்தார்கள். மீன்வாடை வீசும் அந்த வண்டி, ஒரு தேர் போல, சத்தமில்லாமல் சந்தைவிட்டு வெளியேறியது.

சிராங்கூன் சாலையோரத்தில் பாய் பேட்டரிக் கம்பியை மாட்டினார். அத்தான் சாவியைத் திருப்பினார். இரண்டாம் முறையில் என்ஜின் பிடித்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் டாங்கிக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொட்டவில்லை.

அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் சந்துக்குத் திரும்பினோம். கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. ஆனாலும் யாரும் எதையும் பற்றவைக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் தொடங்கட்டும் என்று நின்றார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் கால்வாயோரம் குனிந்து குனிந்து மோந்துகொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். ஈரமும் சோப்பும் மட்டும் மணத்தன. "இருக்கிற மாதிரி தெரியல," என்றேன். "ஆனா கொஞ்சம் பொறுத்து..."

சூப்புக் கடைச் சமையல்காரர் உள்ளே போய்த் தீப்பெட்டியோடு வந்தார். அதை என் கையில் திணித்தார்.

"நீங்க சொல்லித்தான அணைச்சோம்? நீங்களே பத்த வைங்க. எரிஞ்சா ஒங்க கம்பெனி குடுக்கட்டும்."

உள்ளே போனேன். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதும். பின்கதவில் அத்தனை முகங்கள். மூன்றாவதை உரசினேன். சின்னச் சுடர், நேராக, அசையாமல் நின்றது. ஆயிரம் தீ அறிக்கை படித்தவன் நான், ஒரு தீக்குச்சியை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. விரல் சுடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சார், பசிக்குது," என்றார் சமையல்காரர். அடுப்பில் வைத்தேன்.